நோட்டுப் புத்தகத்தோடு சிங்கப்பூர்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் பேசத் தெரியும். "நீ தனியா சிங்கப்பூர் போய் வந்தியே, அதைச் சொல்லு" என்று தலைவி அக்கா கேட்டார். அங்கே பார்த்த கட்டடத்தையும் பூங்காவையும் சொல்ல நான் வரவில்லை. அதெல்லாம் நீங்க செல்போன்லயே பாத்துக்கலாம். கிளம்புவதற்கு முன்னால் ஏழு மாதம் என்னென்ன வேலை செய்தோம், எங்கே தப்பு நடந்தது, அதை நம்ம ஆளுங்க எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நாளைக்கு உங்களில் யாராவது மகள் பிரசவத்துக்கோ, பிள்ளையைப் பார்க்கவோ, வேலைக்கோ தனியாகக் கிளம்ப வேண்டி வந்தால் உதவும்.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் பதினஞ்சு வருஷமாகச் சங்கு, சோழி மாலை, கிளிஞ்சல் பொம்மை விற்கிறேன். வீட்டுக்காரர் கல் சிற்பம் செதுக்குகிறவர். கல் தூசி நெஞ்சில் இறங்கி, சில வருஷமாக இழுப்பு. இப்போது உளி பிடிக்க முடிவதில்லை. எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகி சிங்கப்பூரில் இருக்கிறாள். மருமகனுக்கு அம்மா இல்லை.

2023 ஜனவரி கடைசியில் மகள் போன் செய்தாள். "அம்மா, செப்டம்பர் ரெண்டாவது வாரம்னு தேதி குடுத்திருக்காங்க. நீ வந்துடுவ இல்ல?" என்றாள். "வந்துடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கை நடுங்கியது. வீட்டுக்காரரால் வர முடியாது. பாஸ்போர்ட் கிடையாது. தாம்பரத்தைத் தாண்டித் தனியாகப் போனதே கிடையாது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கடைக்கு வருகிற வெளிநாட்டுப் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஒரு பையோடு எங்கேயோ பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டித் தனியாக வருவார்கள். "எப்படிடி இவளுங்களுக்கு இவ்ளோ தைரியம்?" என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். பணமும் பாஸ்போர்ட்டும் துணிக்கு உள்ளே இடுப்பில் கட்டிய சின்னப் பையில் இருக்கும். தங்கியிருக்கிற இடத்தின் முகவரிச் சீட்டு கையில் இருக்கும். ஆட்டோவில் ஏறும் முன்னால் வாடகை பேசுவார்கள். சாயங்காலம் இருட்டும் முன்னால் அறைக்குப் போய்விடுவார்கள். ஒருத்தி என்னிடம் மாலை வாங்கிவிட்டு, அந்த நாற்பது ரூபாயைக்கூட நோட்டில் எழுதிக்கொண்டாள். அவர்களுக்கு இருந்த தைரியத்தில் பாதி அந்த நோட்டில் இருந்தது. அது நமக்கும் தெரிந்த வேலைதானே? வாரா வாரம் கணக்கு எழுதுகிறவர்கள் தானே நாம்?

அடுத்த குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி, 30,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எல்லாரும் உடனே சரி என்று சொல்லவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு அக்கா, "பசங்க பீஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடுக்கற பணம் இது. ஃபிளைட்ல போறதுக்கா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. எங்கள் குழுவிலேயே மூத்தவர் ஒரு பாட்டி. அவர்தான், "பொண்ணு பிரசவத்துக்குத் தாய் போறது ஊர் சுத்தவா? கும்மிடிப்பூண்டியில இருந்தா பஸ்ல போவா. சிங்கப்பூர்ல இருக்கா, ஃபிளைட்ல போறா. ஆனா முழுக் கணக்கையும் எழுதிக் காட்டட்டும்" என்றார்.

அப்படித்தான் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கம் செலவு. பாஸ்போர்ட்டுக்கு 1,500. விசாவுக்கு ஏஜென்ட் கட்டணத்தோடு 3,000. போக வர டிக்கெட் 22,000. பயணக் காப்பீடு 1,500. கையில் வைத்துக்கொள்ள இருநூறு சிங்கப்பூர் டாலர். அப்போது ஒரு டாலர் 61, 62 ரூபாய், அது ஒரு 12,300. ஆக 40,300. என் கையில் சேர்த்து வைத்தது பத்தாயிரம் சொச்சம். மீதிக்குக் கடன், பத்து மாதத் தவணை. தீர்மான நோட்டில் ஏறியது. கேள்வி கேட்ட அக்காவே முதல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது பாஸ்போர்ட். இங்கேதான் பெண்களுக்கு முதல் சிக்கல். எனக்கு ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் வீட்டுக்காரர் இனிஷியல். பள்ளிக்கூட டிசியில் ஜூன் மாதப் பிறந்த தேதி, ஆதாரில் ஜனவரி 1. இப்படியே போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். எங்கள் கணக்கர் பொண்ணு எல்லாத்தையும் வரிசையாகப் பரப்பி வைத்து, "அக்கா, முதல்ல ஆதாரைத் திருத்துவோம்" என்றாள். டிசியை வைத்து ஆதாரைத் திருத்தினோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் போட முடியாது, முழுப் பெயராக விரித்து எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: வெளிநாடு போகிற எண்ணம் இல்லாவிட்டாலும், வீட்டுக்குப் போனதும் ஆதார், டிசி, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பம் ஆன்லைனில் போட்டு, பணம் கட்டி, நாள் வாங்கி, தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நானே போனேன். அசல் சான்றிதழ்களைப் பார்த்தார்கள், போட்டோவும் கைரேகையும் எடுத்தார்கள். பிறகு போலீஸ் விசாரணை. அது முடிந்து, பாஸ்போர்ட் தபாலில் வீட்டுக்கே வந்தது. பத்து வருஷம் செல்லும்.

அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈ.சி.ஆர். என்று போட்டிருந்தது. நமக்கு ஈ.சி.ஆர். என்றால் என்ன? கோவளம், மாமல்லபுரம் வழியாகப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை! "ரோடு பேரை எதுக்குடா இதுல போட்டான்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று. எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு என்பதன் சுருக்கம் அது. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் போடுவார்கள். குவைத், ஓமன், கத்தார், பஹ்ரைன், சவூதி, துபாய் இருக்கிற அமீரகம், மலேசியா என்று மொத்தம் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால், இந்தப் பாஸ்போர்ட்காரர்கள் குடிபெயர்வு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டம். என்னைப் போல மகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலும் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? நான் பாஸ்போர்ட் வாங்கின செய்தி ஊரில் பரவியதும், பக்கத்து ஊரிலிருந்து ஒரு பொண்ணு என்னைப் பார்க்க வந்தாள். 26 வயசு, ரெண்டு குழந்தை, புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஒரு ஏஜென்ட் அவளிடம், "ஓமன்ல வீட்டு வேலை, மாசம் முப்பதாயிரம். முதல்ல விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம். யாராவது கேட்டா, சொந்தக்காரங்களைப் பாக்கப் போறேன்னு சொல்லு" என்று சொல்லியிருக்கிறான். எழுபதாயிரம் கேட்டிருக்கிறான். ரசீது கிடையாது.

என் நோட்டில் எழுதி வைத்ததை அவளிடம் காட்டினேன். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண், முப்பது வயசு ஆகாமல் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி இல்லை. முப்பதைத் தாண்டியவர்களும் அரசு நடத்தும் ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது சென்னை கிண்டியில் இருக்கிற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஆம்பளைங்களை அனுப்புகிற தனியார் ஏஜென்டாக இருந்தாலும், மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்று இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு வரி. ஒழுங்கான அனுமதியோடு போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. ரெண்டு வருஷத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் போய் வேலை செய்கிறவளுக்கு இந்தக் காப்பீடும் இல்லை, வேலை ஒப்பந்தமும் இல்லை. அங்கே சம்பளம் கொடுக்காமல் அடைத்து வைத்தாலும், வெளியே வந்து புகார் சொல்லப் பயப்படுவாள். ஏனென்றால் அந்த ஊர்ச் சட்டப்படி அவளும் குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

அவளுக்கு என் மேல் கோபம். "நீங்க மட்டும் போகலாம், நான் போகக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பணத்தை அவள் கட்டவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். இப்போது அவள் ஒரு குழுவில் உறுப்பினர், தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள். முப்பது வயசு ஆனதும் ஒழுங்கான வழியில் போக வேண்டும் என்று இன்னமும் சொல்கிறாள். போகட்டும். கூட இருந்து நானே படிவம் நிரப்பித் தருகிறேன்.

என் கதைக்கு வருகிறேன். சிங்கப்பூர் விசாவை சென்னையில் இருக்கிற அந்த நாட்டுத் துணைத் தூதரகத்தின் பட்டியலில் உள்ள ஏஜென்ட் மூலம் போட்டோம். பட்டியலில் இருக்கிறவரா என்று முதலில் பார்த்துக்கொண்டோம். பாஸ்போர்ட் நகல், போட்டோ, மருமகன் எழுதிய கடிதம், போக வர டிக்கெட் விவரம் கொடுத்தோம். விசா ஒரு தாளாக வரும். அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விசா கிடைத்தாலும், எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கின பிறகு அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பெரும்பாலும் முப்பது நாள். குழந்தை எப்போது பிறக்கும் என்று யாருக்குத் தெரியும்? ரொம்ப முன்னால் போனால், பிறந்த பிறகு கூட இருக்க நாள் இருக்காது. பின்னால் போனால் வலி எடுக்கும்போது நான் இருக்க மாட்டேன். மகளிடமும் டாக்டரிடமும் கேட்டு, கொடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போவது என்று முடிவு செய்தோம். திரும்புகிற தேதியை மாற்றிக்கொள்ள வசதி உள்ள டிக்கெட்டாக மருமகன் எடுத்தார்.

டிக்கெட்டில்தான் பெரிய தப்பு நடக்க இருந்தது. செப்டம்பர் 3, நேரம் 00:35 என்று போட்டிருந்தது. நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? "செப்டம்பர் 3 ஞாயிறு ராத்திரி பன்னெண்டரைக்கு ஃபிளைட்." கூட்டத்தில் படித்தேன், எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கர் பொண்ணுதான், "அக்கா, இருங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தேதி மாறிடும். மூணாந்தேதி 00:35ன்னா அது சனிக்கிழமை ராத்திரி. நீங்க சனிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருக்கணும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாவகாசமாகப் போயிருந்தால், நான் ஏற வேண்டிய விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நான் ஒருத்தியே வைத்திருந்த நோட்டாக இருந்தால் இது தெரிந்திருக்காது. படித்துக் காட்டியதால் தெரிந்தது. நம் குழுவில் கணக்கை ஏன் எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிந்தது.

அடுத்து மூட்டை கட்டியது. தாய் வீட்டிலிருந்து போகிறவள் சும்மா போவாளா? பிரசவ லேகியம் கிண்டினேன். சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம், நல்லெண்ணெய், நெய். மகளுக்குப் பிடித்த குருமாப் பொடி அரைத்தேன். எடுத்து வைத்ததைப் பார்க்க வந்த ஒரு அக்கா பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல கசகசா போட்டிருக்கியா?" என்று கேட்டார். "போடாம குருமாவா?" என்றேன். அவர் வீட்டுக்காரர் துபாயில் இருந்தவர். "அடிப்பாவி, கசகசாவை அங்கெல்லாம் போதைப் பொருள் கணக்குல வச்சிருக்காங்க. வளைகுடாவுல அதுக்காக ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க" என்றார். சிங்கப்பூரிலும் கசகசா தடை செய்த பொருள்தான் என்று இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அரைத்த பொடி முழுவதையும் வீட்டில் வைத்துவிட்டு, கசகசா இல்லாமல் மறுபடி அரைத்தேன். அதே அம்மியில் அரைக்காமல், மிக்ஸி ஜாரைக் கழுவித் துடைத்து அரைத்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினோம்.

கொண்டு போகக் கூடாததை ஒரு பக்கத்தில் தனியாக எழுதினோம். கறி, முட்டை வேண்டாம். வெற்றிலையோடு போடுகிற புகையிலை, சூயிங்கம் வேண்டாம். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் விட மாட்டார்கள். ஊறுகாய், நெய், லேகியம் எல்லாம் பெரிய பெட்டியில்தான். கையில் எடுத்துப் போகிற பையில் தண்ணி மாதிரியான எதுவும் நூறு மில்லிக்கு மேல் கூடாது. கத்தரிக்கோல், கத்தி பெரிய பெட்டியில். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்க் மட்டும் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் கசப்பானது. தெருவில் ஒருவர், அங்கே வேலை செய்கிற தன் பிள்ளைக்கு ஒரு பார்சல் கொண்டு போகச் சொன்னார். தினம் முகம் பார்க்கிறவர். எப்படி மறுப்பது? "பிரிச்சுப் பாத்து, நானே என் கையால கட்டறதுன்னா கொண்டு போறேன்" என்றேன். அவருக்கு வருத்தம்தான். பிரித்தால் முறுக்கு, பருப்புப் பொடி, கூடவே டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரை அட்டை ரெண்டு. மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அது சாதாரண மாத்திரையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சிங்கப்பூரில் போதைப் பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை உண்டு. பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஏர்போர்ட்டில் அறிமுகம் இல்லாதவர், "அம்மா, இதைக் கொஞ்சம் வச்சுக்கோங்க" என்று எதைக் கொடுத்தாலும் தொடவே தொடாதீர்கள்.

வீட்டையும் எழுதி வைத்தேன். வீட்டுக்காரருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு, செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு எந்தத் தேதியில் மருந்து வாங்கப் போக வேண்டும், சிலிண்டர் எப்போது தீரும் என்று எழுதினேன். மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு மதியச் சோறு கொடுத்தார்கள். கடையைத் தங்கச்சி பார்த்துக்கொண்டாள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், காப்பீடு எல்லாத்துக்கும் ரெண்டு நகல். ஒன்று பெட்டியில், ஒன்று கணக்கர் பொண்ணிடம். அசல் மட்டும், நான் தைத்த இடுப்புப் பையில். அந்த வெளிநாட்டுப் பெண்களிடம் பார்த்த அதே பை. நம்ம ஊர் சிம்மை எடுக்காமல் ரோமிங் போட்டுக்கொண்டேன். வங்கியிலிருந்து ஓ.டி.பி. வந்தால் அந்த எண்ணுக்குத்தானே வரும்!

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பார்த்தோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். வெளிநாட்டு விமானத்துக்கு எந்த வாசல் என்று பார்த்துவிட்டு வந்தோம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள் என்பதால், எந்த இடத்தோடு நான் தனி ஆள் என்பதும் தெரிந்தது. அது தெரிந்த பிறகு பாதி பயம் போய்விட்டது.

குழுக் கூட்டத்திலும் ஒத்திகை. ஒரு தங்கச்சி அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "பர்பஸ் ஆஃப் விசிட்?" என்று மிரட்டுவாள். நான், "டாட்டர் டெலிவரி. தேர்ட்டி டேஸ். ரிட்டர்ன் டிக்கெட் எஸ்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் பத்து தடவை சொன்னதில் வாய்க்குப் பழகிவிட்டது.

சிங்கப்பூருக்கு வருகை அட்டை என்று ஒன்று இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்குகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். அதற்குப் பணம் கிடையாது. பணம் கேட்கிற போலித் தளங்களும் இருக்கின்றன, ஜாக்கிரதை. வெள்ளிக்கிழமை அதை நிரப்பினோம். சனிக்கிழமை ரெண்டு பேர் பெட்டி தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்கள். அதற்குப் பிறகு நான் மட்டும்.

நாலு மணி நேரம் சொச்சம் பறந்து இறங்கினோம். நம்ம நேரத்தை விட அங்கே ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். டிக்கெட்டில் இறங்குகிற நேரம் அந்த ஊர் நேரம். இதையும் எழுதி வைத்திருந்தேன். குடிநுழைவில் என் கைரேகை விழவில்லை. பதினஞ்சு வருஷமாகச் சோழிக்கும் சங்குக்கும் தேய்ந்த விரல். ரெண்டு தடவை, மூணு தடவை வைத்தும் விழவில்லை. என்னைத் தனியாக ஒரு பக்கம் உட்காரச் சொன்னார்கள். வயிற்றைக் கலக்கியது. எல்லாரும் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் அந்த நாட்டின் நாலு ஆட்சி மொழிகளில் ஒன்று. தமிழ் பேசுகிற ஒரு அதிகாரி வந்து, "எங்கே தங்கப் போறீங்க? யாரைப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் நோட்டின் உள்ளே வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். மகள் பெயர், கட்டட எண், மாடி எண், ஆறு இலக்க அஞ்சல் எண், போன் எண், திரும்புகிற தேதி, டிக்கெட் நகல், காப்பீடு எல்லாம் வரிசையாக இருந்தன. பார்த்துவிட்டு, "யாரும்மா இவ்வளவு அழகா எழுதிக் குடுத்தது?" என்றார். "எங்க குழு சார்" என்றேன். அரை மணி நேரத்தில் வெளியே வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

7ஆம் தேதி பேத்தி பிறந்தாள். ஆபரேஷன். அந்த ராத்திரி முழுக்க நான் அவள் பக்கத்தில் இருந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் பேச முடியாது.

திரும்புகிற நாள் வந்தபோது மகள் அழுதாள். "இன்னும் பத்து நாள் இரும்மா" என்றாள். நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் கொடுப்பது அவர்கள் விருப்பம். கேட்காமல் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் அது குற்றம். அடுத்த தடவை போகவே முடியாமல் ஆகலாம். ஊரில் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். மூன்று பேர் என் வீட்டு அடுப்பையும் சேர்த்து எரித்துக்கொண்டிருக்கிறார்கள். "ஒழுங்கா திரும்பினாத்தான் ஒழுங்கா மறுபடி வர முடியும் கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்டோபர் 1 ராத்திரி திரிசூலம் ஸ்டேஷனில் அதே ரெண்டு பேர் காத்திருந்தார்கள். கடனை ஒன்பதாவது மாதத்திலேயே அடைத்துவிட்டேன்.

சகோதரிகளே, நான் தனியாகப் போனேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சீட்டில் உட்கார்ந்தது நான் ஒருத்திதான். ஆனால் தேதியைப் பிடித்தவள் ஒருத்தி, கசகசாவைப் பிடித்தவர் ஒருவர், கேள்வி கேட்டுக் கணக்கு எழுத வைத்தவர் ஒருவர், சோறு போட்டவர்கள் மூன்று பேர். குழுவில் நாம் தினம் செய்கிறதையே செய்தோம். எழுதி வைத்தோம், எல்லார் முன்னாலும் படித்தோம், ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவில்லை, படிக்காத தாளில் கையெழுத்துப் போடவில்லை. உங்களில் யார் கிளம்பினாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல், அவசரமாக, "வெளியில சொல்லாதே" என்று சொல்லி ஒருவன் அனுப்புகிறான் என்றால், அந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள்.

என் நோட்டு இப்போது கூட்டமைப்பு அலுவலகத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டிருக்கும், கசகசா என்ற வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும். எடுத்துப் பாருங்கள். உங்கள் பயணத்தில் புதிதாகத் தெரிந்துகொண்டதை அடியில் எழுதி வையுங்கள். இன்னும் நூற்றிருபது பக்கம் காலியாக இருக்கிறது.